“எனக்குத் தெரியாது” என்று சொல்லலாமா?



என்னுடைய வெள்ளை அம்பாசடர் காரில் ஏறாதவர்கள் நம் சபையில் வெகு சிலர்தான் இருப்பார்கள். 1989 மாடல். மூன்று கை மாறி 2015-ல் என்னிடம் வந்தது. உபவாசக் கூட்டம், வீட்டு ஜெபம், ஆஸ்பத்திரி, அடக்க ஆராதனை என்று நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே அது ஓடாத ரோடு கிடையாது. பின் சீட்டில் நாலு பேர், மடியில் பிள்ளைகள், டிக்கியில் கீபோர்டும் ஸ்பீக்கரும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மாதிரியாக வைத்து 1950-களின் கடைசியில் நம் தேசத்தில் செய்யத் தொடங்கினார்கள். 2014-ல் நிறுத்திவிட்டார்கள். இனி வராது என்பதினாலேயே இப்போது அதற்கு ஒரு மவுசு.

அந்த வண்டியை வைத்து ஒரு கேள்வியை இந்த மாதம் உங்களுக்கு முன்பாக வைக்கிறேன். ஒரு காரியத்தைத் தெரிந்துகொள்ளாமலேயே இருந்துவிட்டு, பிறகு “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் அது மெய்யா, பொய்யா? சொன்னவன் நான்தான். ஆகையால் என்னை வைத்தே பேசுகிறேன்.

2023 மார்ச் மாதம். மூத்த மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. பணம் வேண்டும். வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். நம் சபை வாலிபன் ஒருவன் பழைய கார்களை வாங்கி, அலங்காரம் பண்ணி, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற தொழில் செய்கிறான். அவனே கேட்டு வந்தான். பானட்டைத் திறந்து பார்த்தான், என்ஜின் சத்தத்தைக் கேட்டான், டயரை மிதித்துப் பார்த்தான். பிறகு பின்கதவைத் திறந்து கீழே கிடந்த மேட்டைத் தூக்கக் குனிந்தவன், என்ன நினைத்தானோ, கையை எடுத்துக்கொண்டான். “உங்க வண்டியில நான் என்ன பாஸ்டர் பார்க்கப் போறேன்?” என்று சிரித்தான். 1,30,000 ரூபாய் பேசி, 10,000 அட்வான்ஸ் கொடுத்தான். மே மாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

மழைக்கு ஒழுகுமா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியாது! இரண்டு வருஷமாகவே என் மனைவி, “வண்டிக்குள்ள ஒரு ஈர வாடை அடிக்குதே, கவனிச்சீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் ஒரு வாசனை அட்டையை வாங்கித் தொங்கவிட்டேன். மழைக்காலத்தில் பின்பக்கம் மேட் நனைந்திருக்கும். ஏறுகிறவர்களின் குடையிலிருந்து வடிந்த தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லி, கீழே பழைய பேப்பரை விரித்துவிட்டுப் போய்விடுவேன். குடை எனக்கு நல்ல சாக்காக இருந்தது.

ஏப்ரலில் ஒரு கோடை மழை. இரண்டு நாள் வண்டியை நான் எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்து பார்த்தால், இடதுபக்கப் பின் சீட்டின் காலடியில் தண்ணீர் நிற்கிறது. யாரும் ஏறவில்லை, குடையும் இல்லை. அங்கே நின்றபடியே, மேட்டைத் தூக்குவோமா வேண்டாமா என்று யோசித்தேன் பாருங்கள், அந்த யோசனையைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தூக்கினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்லவேண்டிவரும். தூக்காதவரைக்கும் நான் உத்தமன்!

கடைசியில் தூக்கினேன்.

மேட்டுக்குக் கீழே ஃபெல்ட் இருக்கும். அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போயிருந்தது. பிழிந்தால் பக்கெட்டில் கால்வாசி. அதற்குக் கீழே எப்போதோ யாரோ ஒட்டிய தார் ஷீட். கத்தியால் கிழித்துப் பார்த்தால் அதற்கும் கீழே ஒரு தகர ஒட்டு. அதின் ஓரத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாய் அழுத்தினேன். பிஸ்கட்டில் இறங்குகிறமாதிரி இறங்கி, கீழே தரை தெரிந்தது. தார் மேலிருந்து தண்ணீரைத் தடுக்கிறது என்று நினைக்கிறோம். பக்கவாட்டில் எப்படியோ நுழைந்துவிட்ட தண்ணீரை அது வெளியேயும் விடாதே! அடைபட்ட ஈரம் வருஷக்கணக்காய் இரும்பைத் தின்றிருக்கிறது. வெளியே பெயிண்டில் சின்னக் கொப்புளம் வரும்போது நாம் துரு இப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று நினைப்போம். உள்ளேயிருந்து தின்றுகொண்டு வந்த துருவாயிருந்தால், அங்கே அது முடிகிற நேரம்.

பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. பழைய வண்டிகளிலே கை பழகினவர். அவரைக் கூப்பிட்டேன். தண்ணீர் நின்ற இடத்தைக் காட்டி, “இங்கதான் அண்ணாச்சி ஓட்டை” என்றேன். அவர் சிரித்துவிட்டார். “பாஸ்டர், தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். பள்ளம் எங்கன்னு வேணா அது காட்டிக் கொடுக்கும். ஓட்டை எங்கன்னு காட்டாது. முதல்ல வண்டியைக் காலி பண்ணுங்க” என்றார்.

சீட்டைக் கழற்றி, மேட், ஃபெல்ட் எல்லாவற்றையும் எடுத்து மூன்று நாள் வெயிலில் போட்டோம். வண்டிக்குள்ளே தகடு காய்ந்து வெறுமையானது. அதற்குப் பிறகுதான் சோதனை. உள்பக்கம் தகடு சேருகிற ஓரமெல்லாம் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவச் சொன்னார். தண்ணீர் ஓடினால் பவுடரில் கோடு விழும். தரையில் செய்தித்தாள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க வேண்டும். என் மனைவி உள்ளே உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாய் வாடையைச் சொன்னது அவள்தானே.

நான் எடுத்தவுடனே கூரைமேல் தண்ணீரை அடித்தேன். அண்ணாச்சி ஹோஸைப் பிடுங்கிவிட்டார். மேலே விட்டால் வழிந்து எல்லா இடமும் நனையும், எதில் நுழைந்தது என்று யார் சொல்ல முடியும்? கீழேயிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஓர் இடத்தில் பத்து நிமிஷம், மெதுவாக, மழை விழுகிற வேகத்தில். உள்ளே ஒன்றுமில்லை என்றால் ஒரு சாண் மேலே போகலாம். பொறுமையில்லாதவனுக்கு இந்த வேலை ஆகாது. எனக்குப் பொறுமை எவ்வளவு என்று என் வீட்டாருக்குத் தெரியும்.

முதலில் பின்கதவில் அகப்பட்டது. கதவுக்குள்ளே தண்ணீர் போகவே கூடாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியல்லவாம். ஏறி இறங்குகிற கண்ணாடிக்கும் அதை ஒட்டிய பட்டைக்கும் நடுவே கொஞ்சம் மழை இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் சின்னத் துவாரங்கள் விட்டிருப்பார்கள், அது வழியாய் வெளியே போய்விடும். உள்ளே டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும், தெறிக்கிற தண்ணீரை அது திருப்பிவிடும். எங்கள் வண்டியில் துவாரங்கள் மண்ணால் அடைத்திருந்தன, தாள் கிழிந்திருந்தது. கம்பியால் குத்தினேன். ஒரு செம்பு சேற்றுத் தண்ணீர் பொளபொளவென்று கொட்டியது. ஸ்தோத்திரம் சொல்லி, புதுத் தாள் ஒட்டி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டேன். மற்ற இடங்களைச் சோதிக்கவில்லை. ஒரு காரணம் கிடைத்துவிட்டதல்லவா! அத்தோடு தேடுகிறதை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடியும் மழை, மறுபடியும் ஈரம். ஆனால் இந்த முறை நனைந்தது முன்பக்கக் காலடி! அன்றைக்கு வண்டி சபை வளாகத்தில் நின்றது. அந்த இடம் முன்பக்கமாய்ச் சரிவு. என் வீட்டு ஷெட்டின் தரையோ பின்பக்கமாய்ச் சரிவு. அப்படியானால் தண்ணீர் முன்னாலேதான் எங்கேயோ நுழைகிறது. வீட்டில் நிற்கும்போது ஃபெல்டுக்கு அடியிலேயே தவழ்ந்து பின்னாலே வந்து தேங்குகிறது. எட்டு வருஷமாய் அந்த இரண்டு இடத்திலும் வண்டியை நிறுத்துகிறவன் நான். சரிவைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுபடியும் எல்லாம் கழற்றினோம். முன் கண்ணாடியின் கீழ் ஓரம் பத்து நிமிஷம், ஒன்றுமில்லை. வைப்பர் தண்டுகளின் ரப்பர் வளையம், ஒன்றுமில்லை. பக்கவாட்டு, ஒன்றுமில்லை. கண்ணாடியின் மேல் ஓரத்தில் பிடித்து ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும், உள்ளேயிருந்து என் மனைவி, “நிறுத்துங்க, நிறுத்துங்க! கோடு விழுது!” என்று கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் இடது மூலையில், பவுடரில் எறும்பு போன தடம்போல ஒரு மெல்லிய கோடு.

விஷயம் இதுதான். கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங் வயசாகி மரம்போல் இறுகியிருந்தது. மேலே நுழைகிற தண்ணீர் பீடிங்கின் உள்பள்ளம் வழியாகவே சுற்றிக் கீழே வந்தது. கீழே எங்கேயாவது வெளியே போயிருக்கும். ஆனால் எந்தக் காலத்திலோ ஒருவர் கீழ் ஓரம் முழுவதையும் வெளியிலிருந்து சிலிக்கான் பூசி அடைத்துவிட்டார். கண்ணுக்குத் தெரிகிற இடம் அதுதானே! வெளியே வழியில்லாத தண்ணீர் உள்ளே வழி பண்ணிக்கொண்டது. டிங்கர் வந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தபோது பூச்சுக்கு அடியில் தகட்டின் விளிம்பு அரித்துப் போயிருந்தது. புளித்த காடி வாடை அடிக்கிற சிலிக்கான் வகை ஒன்று உண்டு. அது காயும்போது விடுகிற அமிலமே வெறும் இரும்பை அரிக்கும் என்று அண்ணாச்சி சொன்னார். எங்கள் வண்டியில் பூசினது அந்த வகையா என்பதை இனி யார் சொல்ல? பீடிங், வெல்டிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆகும் என்றார் டிங்கர்.

இப்போது கேள்விக்கு வருகிறேன்.

வில்லியம் கிளிஃபோர்டு என்று இங்கிலாந்தில் ஒரு கணித அறிஞர் இருந்தார். அவர் 1877-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஒரு கப்பல்காரனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பைபிள் காலேஜில் டிப்ளமோ படித்தபோது ஒரு ஆசிரியர் வகுப்பில் சொல்லக் கேட்டது. கப்பல் பழசு. பலமுறை பழுதுபார்த்தது. பிழைப்புத் தேடி தேசம் விட்டுப் போகிற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு புறப்படப் போகிறது. கப்பல் தாங்குமா என்று சொந்தக்காரனுக்குச் சந்தேகம். சோதித்துப் பார்த்தால் செலவு. அவன் என்ன செய்தான்? இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே என்று மனதைத் தேற்றினான். இந்தக் குடும்பங்களைத் தெய்வம் கைவிடுமா என்று நம்பினான். அப்படியே சந்தேகத்தை அமுக்கி அமுக்கி, கடைசியில் உண்மையாகவே கப்பல் நல்ல கப்பல் என்று விசுவாசித்துவிட்டான். கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. அவன் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டான்.

அவன் பொய் சொல்லவில்லை, மனப்பூர்வமாய் நம்பினான். ஆகிலும் அவன் குற்றவாளி என்கிறார் கிளிஃபோர்டு. அப்படி நம்ப அவனுக்கு உரிமை கிடையாதாம். கப்பல் பத்திரமாய்க் கரைசேர்ந்திருந்தாலும் குற்றம் ஒரு மயிரிழையும் குறையாதாம். இந்த கிளிஃபோர்டு நம்முடைய ஆளல்ல. நம்முடைய விசுவாசத்தையே எதிர்த்துக் கேள்வி கேட்டவர். அந்தக் காரணத்துக்காகவே அன்றைக்கு நான் வகுப்பில் எழுந்து ஏதோ வாதம் பண்ணினேன். இப்போது அந்த ஈர ஃபெல்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது வாதம் ஒன்றும் வரவில்லை. “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று நாம் சொல்லுகிறதெல்லாம் விசுவாசம்தானா? சில நேரத்தில் அதுவும் ஒரு மேட் அல்லவா? மேலே சுத்தமாய் இருக்கிறது, தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று நம் சபை வக்கீல் சகோதரரிடம் கேட்டேன். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ம் பிரிவு. அதில் குதிரை விற்கிறதைப் பற்றி உதாரணங்கள் இருக்கின்றன. குதிரைக்குக் குறை உண்டு என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், வாங்குகிறவனிடம் குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது! இதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆறுதல்! ஆனால் அவர் மேலே படித்தார். வாங்குகிறது விற்கிறவனுடைய சொந்த மகள், இப்போதுதான் அவளுக்கு வயது நிரம்பியது என்றால், அந்த உறவினிமித்தம் சொல்லியே ஆகவேண்டும். அதற்கடுத்தது: “நீ மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குகிறவன் சொல்லி, விற்கிறவன் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

“உங்க வண்டியில நான் என்ன பாஸ்டர் பார்க்கப் போறேன்?” அவன் மேட்டிலிருந்து கையை எடுத்தது என் முகத்தைப் பார்த்து. வேறொருவன் விற்றிருந்தால் தூக்கிப் பார்த்திருப்பான். நான் அவன் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, வாஸ்தவம். என் பதவி தடுத்தது.

அப்படியானால் விற்கிறவன் ஒவ்வொருவனும் வண்டியைப் பிய்த்துச் சோதித்துவிட்டுத்தான் விற்க வேண்டுமா? அப்படி நான் சொல்லவில்லை. எந்த அடையாளமும் காட்டாத குறையைத் தேடி அலைகிற கடமை ஒருவருக்கும் இல்லை. “உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள், நான் ஒன்றுக்கும் பொறுப்பல்ல” என்று வெளிப்படையாய்ச் சொல்லி, இருவரும் கண்ணைத் திறந்துகொண்டு வியாபாரம் பேசினால் அதுவும் நியாயம்தான். ஆனால் வாடை மூக்குக்கு வந்துவிட்டபிறகு நிலைமை வேறு. அதற்குப் பிறகு “தெரியாது” என்பதற்கு “பார்க்க மனமில்லை” என்றே அர்த்தம். லேவியராகமம் 14-ம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் பிடிக்கிற பூசணத்தைப் பற்றி ஒரு நியமம் உண்டு. வாசித்துப் பாருங்கள். ஆசாரியன் தெருத்தெருவாய்ப் போய்ச் சுவரைச் சோதிக்கிறதில்லை. வீட்டுக்காரன் தானே போய், என் வீட்டில் இப்படி ஒன்று தெரிகிறது என்று அறிவிக்க வேண்டும். நிச்சயமாய்த் தெரியவேண்டும் என்பதுகூட இல்லை, அப்படித் தோன்றினாலே போதும். உள்ளே குடியிருக்கிறவனுக்குத்தானே முதலில் தெரியும்.

ஒரு சாயங்காலம் அந்த வாலிபன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அப்பா பஸ் ஓட்டி ரிட்டயர்ட் ஆனவர். இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “முன்னாடி எனக்குத் தெரியாது அண்ணாச்சி” என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தெரியாதுன்னு சொல்லாதீங்க பாஸ்டர். பார்க்கலன்னு சொல்லுங்க. முப்பது வருஷம் பஸ்ஸுல ஒழுகுற கூரைக்குக் கீழ உக்காந்தவன் நான். ஒழுகுற வண்டியில உக்காந்தவனுக்குத் தெரியாம இருக்காது” என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்காக வெட்கப்பட்டான் என்று நினைக்கிறேன். எனக்கு அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் வாங்கவில்லை. டிங்கர் கணக்கைக் கழித்து 1,00,000 ரூபாய்க்கு முடித்துக்கொண்டோம். மகளுடைய ஃபீஸுக்குக் குறைந்த முப்பதினாயிரத்துக்கு என் மனைவியின் வளையல் பேங்குக்குப் போனது. “அன்னைக்கு நான் சொன்ன வாடைதான்” என்று மட்டும் சொன்னாள். வளையல் திரும்ப இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த வருஷம் அக்டோபர் மழையில் அவன் போன் செய்தான். “பாஸ்டர், முன்னாடி ஒரு சொட்டு இல்ல. ஆனா டிக்கியில ஸ்பேர் டயருக்கு அடியில கொஞ்சம் ஈரம் இருக்கு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“தெரியாது” என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருமுறை அதின் உறையைக் கொண்டுவந்து, வெள்ளையாய்ப் பூசணம் பிடித்திருக்கிறது என்று காட்டினான். நம்ம ஸ்டோர் ரூம் ஈரம் தம்பி என்று நானே சொல்லி அனுப்பிவைத்தேன். கீபோர்டு அந்த மழைக்காலம் முழுவதும் டிக்கியில்தான் கிடந்தது.

அவனிடம் அதைச் சொன்னேன். சனிக்கிழமை ஹோஸும் பவுடர் டப்பாவும் எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். டிக்கிக்குள் யார் உட்காருகிறது என்பதில்தான் கொஞ்சம் தகராறு.